எழுபதாவது நன்றி

“அதையும் எழுதிக்கோ.”

“எலியையா அத்தை?”

“எலிக்கு இல்ல. எலி கடிச்ச சட்டைக்கு. அந்த ஆபீசர் வீட்டுச் சட்டைய எலி கடிக்கலன்னா, இழை தெரியாம ஒட்டுப்போட நான் எங்க கத்துக்கிட்டிருக்கப் போறேன்? அது தெரியலன்னா இந்தத் தெருவுல யாரு என்னைத் தேடி வந்திருப்பா? எழுது. நாப்பத்தி மூணு. எலி.”

மருமகள் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். “கூட்டத்துல எலின்னு வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்க அத்தை.”

“சிரிக்கட்டுமே. அங்க உக்காந்து தூங்குறதுக்கு சிரிக்கிறது எவ்வளவோ மேல்.”

இதைச் சொன்னவளைத் தெருவே தையலம்மா என்றுதான் கூப்பிடும். அந்த வாரம் அவளுக்கு எழுபது வயது முடிகிறது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஒரு வருடம் ஆகிறது. ஊசியில் நூல் கோக்கும் வேலையை மருமகளிடம் விட்டுவிட்டாள், தைப்பதை விடவில்லை. ஜன்னலுக்குக் கீழே பழைய இடத்திலேயே மெஷின் இருந்தது. பேச்சுக்கிடையிலும் அவள் கால்கள் மிதிப்பலகையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தன. ஊசிக்கடியில் துணி ஏதும் இல்லை.

அவள் போகிற வழிபாட்டுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுபது முடிந்தவர்கள் அந்த வாரக் கூட்டத்தில் முன்னால் போய் நின்று, தங்கள் வாழ்க்கையில் எழுபது விஷயங்களுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அறுபத்தொன்பது கூடாது, எழுபத்தொன்றும் கூடாது. யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. கேட்பதற்கு லேசான காரியமாகத்தான் தோன்றும். முப்பதைத் தாண்டும்போதுதான் மூச்சு வாங்கும். போன வருடம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஐம்பத்தெட்டுக்கு மேல் ஒன்றும் கிடைக்காமல், வாயில் மிச்சமிருந்த பன்னிரண்டு பற்களுக்கும் ஒவ்வொன்றாக நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

“எனக்கு அந்த வழியும் அடைச்சுப் போச்சு. பல்லெல்லாம் முன்னாடியே கிளம்பிப் போயிடுச்சு” என்றாள் தையலம்மா.

வீடு என்பது இரண்டு அறைகள். பின்னறையின் பின்சுவர் ஐஸ் தொழிற்சாலையின் சுவர். அந்தப் பக்கம் தண்ணீர் உறைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பழைய துணியால் அதைத் துடைத்துவிட வேண்டும். அதில் படம் மாட்ட முடியாது, ஆணி துருப்பிடித்துவிடும். ஆனால் அதன் கீழே வைத்த பால் மறுநாள் வரைக்கும் புளிக்காது. வெயில் காலத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால், யாரோ பின்னால் நின்று மெல்ல ஊதிவிடுவது போல இருக்கும். சுவருக்குப் பதினேழாம் எண்ணிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது.

பத்து மணிக்கு ஐஸ்காரர் சாப்பிட வந்தார். தையலம்மாவின் கணவர். வேலையிலிருந்து நின்று ஆறு வருடமாகிறது. இருந்தாலும் விடிந்ததும் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். புதிய ஆட்களுக்கு அவர் ஒன்றும் சொல்வதில்லை. கட்டிகளின் மேல் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பார், அவ்வளவுதான். தோளில் சாக்குத் துண்டும், உள்ளங்கையில் ஈரமும் எப்போதும் இருக்கும்.

“எத்தனையில நிக்குது?” என்றபடி கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நாப்பத்தி மூணு மாமா.”

“நான் எத்தனாவது?”

மருமகள் தாளைப் புரட்டினாள். “நீங்க… இன்னும் வரல மாமா.”

“எலி வந்துடுச்சா?”

“இப்பதான் வந்துச்சு.”

“அப்ப சரி. எலிக்குப் பின்னாடியாவது ஒரு இடம் இருக்கும்.”

“வருவீங்க. அவசரப்படாம வரிசையில நில்லுங்க” என்றாள் தையலம்மா.

மருமகள் சோறும் மீனும் வைத்தாள். அவள் கணவன் மீன் வண்டி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். மற்ற நாட்களில் இந்த மூன்று பேர்தான். அவர்களுடைய பேச்சு பாதி சண்டை மாதிரியும் பாதி விளையாட்டு மாதிரியும் ஓடிக்கொண்டிருக்கும்.

மிதிப்பலகை நின்றது.

“எழுபதாவத இப்பவே எழுதி வெச்சுடு. நடுவுல இருக்கறத அப்புறம் ரொப்பிக்கலாம்.”

“சொல்லுங்க அத்தை.”

“கடுகோட அந்த மூணு நாளு. அப்புறம், அந்த ஐஸு.”

மருமகள் எழுதப் போன கையை நிறுத்தினாள். தன் கணவனுக்கு மூத்ததாக ஒரு பெண் குழந்தை இருந்தது, பிறக்கும்போது அத்தனை சிறியதாக இருந்ததால் கடுகு என்று கூப்பிட்டார்கள், ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஐஸைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை. மாமாவைப் பார்த்தாள். சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது.

“அத வெட்டு” என்றார் அவர்.

“எதுக்கு வெட்டணும்?”

“வெட்டுன்னா வெட்டு.”

“நன்றி சொல்லப் போறது நானு. உங்கள யாரும் எழுந்து நிக்கச் சொல்லல.”

“எதுக்கு நன்றி? புள்ள போச்சே, அதுக்கா? நான் பண்ணி வெச்சேனே, அதுக்கா? ஊர் முன்னாடி என்னை உரிச்சுத் தொங்கவிடணும்னா நேராச் சொல்லிடு. எதுக்கு சாமியக் கூட்டு சேக்குற?”

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மருமகளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. பாதிச் சோற்றில் எழுந்து, கையைக் கழுவி, ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“நான் எழுதலையே அத்தை” என்றாள் மருமகள், மன்னிப்புக் கேட்பது போல.

“எழுதினா என்ன, எழுதலன்னா என்ன. அவரு காதுல விழுந்துடுச்சு இல்ல.”

தையலம்மாவின் கால்கள் மறுபடியும் வெறும் மெஷினை மிதிக்கத் தொடங்கின.

*

தொழிற்சாலைக்குள் வெயில் வருவதில்லை. உயரத்தில் இருந்த சின்னக் கண்ணாடிகள் வழியாக வருகிற வெளிச்சம், கீழே இறங்குவதற்குள் குளிர்ப் புகையில் கரைந்து பால் மாதிரி ஆகிவிடும். கூடம் முழுக்க ஒரே தொட்டி. தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். அதற்குள் வரிசை வரிசையாக முந்நூறு தகரப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் நல்ல தண்ணீர். மேலே மரப்பலகை மூடி. அந்த மூடிகள்தான் நடக்கிற தரையும்.

ஐஸ்காரருக்கு அந்த மூடிகளின் மேல் நடப்பது இத்தனை வருடத்திலும் பழகிப்போகவில்லை. காலுக்குக் கீழே முந்நூறு பெட்டிகளில் தண்ணீர் மெல்ல மெல்லத் தூங்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். சத்தம் போட்டால் எழுந்துகொள்ளும் என்பது போல அடி வைப்பார். தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறையும். முதலில் பெட்டியின் நான்கு பக்கமும் கண்ணாடி மாதிரித் தெளிவாகும். தூசி, காற்று, உப்பு எல்லாம் உள்ளே தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு நடுவுக்குப் போய்ச் சேரும். ஒரு நாள் முழுக்க ஆன பிறகு, கடைசியாக அந்த நடுவும் உறையும். அதனால் எந்தக் கட்டியை எடுத்தாலும் நடுவில் ஒரு வெள்ளை நரம்பு ஓடும்.

பத்துப் பெட்டிகளை ஒன்றாகத் தூக்கிய கிரேன் தலைக்கு மேல் முனகிக்கொண்டு போனது. சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்ததும், கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தன. வாசலில் படகுக்காரர்களின் வண்டி நின்றது. அரைக்கும் மெஷின் ஓடத் தொடங்கியதும் யாருடைய பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை.

“அண்ணே, என்ன மூஞ்சி இப்படி இருக்கு? வால்வுல ஏதோ கசியுற மாதிரி?” காதருகே வந்து கத்தினார் அமோனியா. அவர் கம்ப்ரசர் பார்க்கிற பிட்டர். குழாயில் அமோனியா வாயு கசிகிறதா என்று முப்பது வருடமாக மோந்து மோந்து, மூக்கு எப்போதும் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இருவரும் வெளியே வந்து மரத்தூள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். அமோனியா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தார்.

“உன் வீட்டுக்காரிக்கு எழுபது ஆனா, உனக்கு நன்றி சொல்லுவாளா?”

“எனக்கா? பூனைக்கு மூணு போகும். பக்கத்து வீட்டுக்காரிக்கு ரெண்டு போகும். எனக்கு ஒண்ணும் தேறாது அண்ணே. ஏன், அண்ணி லிஸ்டுல உங்க பேரு இல்லையா?”

“இருக்கு. அதான் பிரச்சினை.”

அமோனியா சிரிக்கத் தயாராகி, முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“கெட்டுப்போன ஒரு காரியத்துக்கு நன்றி சொல்ல முடியுமா? சும்மா கேக்குறேன்.”

“எவ்வளவு கெட்டுப்போனது?”

ஐஸ்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அமோனியா கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு, “டீ ஆறுது அண்ணே” என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். அதில் குறையேதும் இல்லை.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஐஸ்காரருக்கு முப்பத்தாறு வயது. நூறு கிலோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்த வருடம் வெயில் தாங்க முடியாமல் தெரு நாய்கள் தொழிற்சாலை வாசலில் வந்து படுத்துக்கொண்டன. கடுகுக்குக் காய்ச்சல் வந்தது முதல் நாள் காலையில். மத்தியானத்துக்குள் உடம்பைத் தொட முடியவில்லை. டாக்டர் வெளியூர் போயிருந்தார், மறுநாள் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள்.

சூடாக இருந்தால் குளிர வைக்க வேண்டும். அந்த மனிதருக்கு உலகத்தில் உறுதியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். தொழிற்சாலைக்கு ஓடி, அரைத்த ஐஸைக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார். சாக்கை விரித்தார். ஒரு வரிசை ஐஸ், அதன்மேல் துணி, துணிமேல் குழந்தை, இரண்டு பக்கமும் ஐஸ், காலடியில் ஐஸ். தினமும் மீன்பெட்டிகளை அடுக்குகிற கை அது. அதற்கு வேறு விதமாக அடுக்கத் தெரியவில்லை. கரையக் கரையப் புதிதாகக் கொண்டுவந்து போட்டார். குழந்தை நடுங்கியபோது, காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்து இன்னும் ஒரு கூடை கொண்டுவர ஓடினார்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “பிள்ளையை யாருப்பா இப்படி அடுக்கினது?” என்றார். ஐஸை எல்லாம் எடுக்கச் சொன்னார். மூளைக்காய்ச்சல் என்றார். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தபிறகு, வாசலில் நின்று, “நீ ஐஸ் வெச்சாலும் வெக்காட்டாலும் இதுதான் நடந்திருக்கும்” என்றும் சொன்னார். அது ஐஸ்காரர் காதில் ஏறவில்லை. ‘அடுக்கினது’ என்ற சொல் ஏற்கெனவே உள்ளே போய் வாசலை மூடிக்கொண்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வழிபாட்டுக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் வாரம் தவறாமல் கூடத்தின் பின்வாசலில் ஒரு துண்டு ஐஸ் கொண்டுபோய் வைப்பார். உள்ளே குடிதண்ணீர் அண்டாவில் போடுவதற்கு. யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. வைத்துவிட்டு, பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூட்டம் முடிந்ததும் மனைவியை அழைத்துக்கொண்டு வருவார்.

*

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தபோது மருமகள் குழாயடிக்குப் போயிருந்தாள். தையலம்மா பின்னறையில் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாததால் கையால் தடவிப் பார்த்து, ஈரம் இருக்கிற இடத்தில் துணியை வைத்தாள்.

“குடு, நான் துடைக்கிறேன்” என்றார்.

“உங்களுக்குத் துடைக்கத் தெரியாது. ஈரத்த இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளுவீங்க.”

அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் முதுகெலும்பில் மெல்ல ஏறியது. பெரிய மிருகம் ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவது போல.

“சோத்தப் பாதியில விட்டுட்டுப் போனீங்க” என்றாள்.

“தெரியும்.”

“நான் அத சாப்பிட்டுட்டேன். அதுக்குத்தான் சொல்றேன், தேடாதீங்கன்னு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபம் இன்னும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வந்ததால் இருமினார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த மூணு நாளுக்கு உன்னால எப்படி நன்றி சொல்ல வருது? நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது.”

“எனக்கும் அடைச்சுதுங்க. நீங்க நெனக்கிற மாதிரி நான் சின்ன வயசுலேயே பக்குவமாயிடல. பதினோரு வருஷம் இந்தச் சுவர நான் தொட்டதே இல்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? துடைக்கிறதெல்லாம் நீங்கதான்.”

“இருக்கு.”

“நீங்கதான் கொன்னுட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவர் இதைத்தான் முப்பத்தெட்டு வருடமாக அவள் வாயிலிருந்து எதிர்பார்த்திருந்தார். சாப்பாடு போடும்போது, விளக்கு ஏற்றும்போது, மகன் கல்யாணத்தில் பக்கத்தில் நிற்கும்போது, இதோ இப்போது சொல்லிவிடுவாள் என்று. அவள் சொல்லவே இல்லை. இப்போது சொன்னது கடைசியில் இவ்வளவு சாதாரணமாக, ஈரத்துணியை மடித்துக்கொண்டே வந்தது.

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லிட்டா தீந்துபோயிருமே. தீரக் கூடாதுன்னுதான் சொல்லல. உங்கள விட்டுட்டு அவன்கிட்ட சண்டை போட்டேன், மேல இருக்கிறவன்கிட்ட. தினமும். ‘நான் கேட்டது என்ன, நீ குடுத்தது என்ன’ன்னு. கூட்டத்துல எல்லாரும் கண்ண மூடி வேண்டிக்குவாங்க, நான் கண்ண மூடித் திட்டுவேன். பக்கத்துல இருக்கறவ நெனச்சுக்குவா, என்ன பக்தின்னு.”

“இப்ப?”

“இப்பவும் சண்டை உண்டு. ஆனா முப்பது வருஷம் ஒருத்தன்கிட்டயே சண்டை போட்டா அவன் வீட்டு மனுஷன் மாதிரி ஆயிடுறான். நான் திட்டினா அவன் எழுந்து போகல. அது ஒண்ணு எனக்குப் புடிச்சுது.”

ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெளிச்சம் சுவரின் துளிகளில் பட்டு, துளிகள் ஒவ்வொன்றும் கீழே இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

“கண்ணு மங்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணு ஆயிட்டு வருதுங்க. பக்கத்துல இருக்கிறதெல்லாம் புகையாப் போவுது. தூரத்துல இருந்தது கிட்ட வருது. எழுபது வருஷத்துல எத்தனையோ வருஷம் எங்க போச்சுன்னே தெரியல. இந்த மூணு நாளு மட்டும் பெருசாயிக்கிட்டே வருது. முன்னாடியெல்லாம் அந்தக் கடைசி மணி நேரம்தான் கண்ணு முன்னாடி நிக்கும். இப்ப அத சுத்தி இருந்ததெல்லாம் தெரியுது. ஜன்னல்ல போட்டிருந்த ஈரத்துணி. தம்பிப் பய ஒரு வயசு, தரையில ஓடுற தண்ணியில கையத் தட்டித் தட்டி விளையாடினான். நீங்க ஓடி ஓடி வந்தது. உங்க தோள்ல சாக்கு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, தெரியுமா? உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது. அப்ப நான் அதப் பாத்து இரக்கப்படல.”

“விடு.”

“விட மாட்டேன். ஒண்ணு சொல்லணும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னே வெச்சிருந்தது.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ரெண்டாம் நாள் மத்தியானம். நீங்க கூடை எடுத்துட்டுப் போயிருந்தீங்க. கடுகு கண்ணத் தொறந்துச்சு. நல்லாத் தொறந்து, ஒரு துண்டு ஐஸக் கேட்டுச்சு. குடுத்தேன். வாயில போட்டுக்கும்னு பாத்தா, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாத்துச்சு. நடுவுல வெள்ளையா, குமிழ் குமிழா இருக்கும் இல்ல. அதப் பாத்துட்டு, ‘அம்மா, இதுக்குள்ள யாரோ மூச்சு விட்டிருக்காங்க’ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு சிரிச்சுது. ‘அப்பாவா?’ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அந்தத் துண்டு கரையுற வரைக்கும் கையிலேயே வெச்சிருந்துச்சு. அப்புறம் தூங்கிடுச்சு. நீங்க வந்தப்ப தூங்கிக்கிட்டிருந்துச்சு.”

சுவருக்கு அந்தப் பக்கம் கிரேன் நகரும் சத்தம் கேட்டது. பத்துக் கட்டிகள் எங்கோ சரிந்து விழுந்தன.

“இத்தனை வருஷமா” என்றார் ஐஸ்காரர்.

“ஆமா. இத்தனை வருஷமா. உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நானே வெச்சுக்கிட்டேன். அது நான் பண்ணின பாவம். அத அவன்கிட்ட தனியாச் சொல்லிட்டேன், கூட்டத்துல சொல்லத் தேவையில்ல. நன்றி சொல்றது அந்தச் சிரிப்புக்கு. அந்த ஐஸ் இல்லன்னா அந்தச் சிரிப்பு ஏதுங்க?”

அவர் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஈரம் பட்டுப் பட்டு ரேகைகள் தேய்ந்து போயிருந்தன. எதைப் பிடித்தாலும் வழுக்குகிற மாதிரி மழமழவென்று இருந்தன.

“உனக்கு அது சிரிப்பு. எனக்கு நடுங்கினதுதான் தெரியுது” என்றார் கடைசியில். “அத நாலு பேரு முன்னாடி வாசிக்காதம்மா. என்னால ஜன்னலுக்கு வெளியில நின்னு அத கேக்க முடியாது.”

தையலம்மா தலையாட்டினாள். மருமகள் குடத்துடன் வந்ததும் கூப்பிட்டுச் சொன்னாள். “அந்த எழுபதாவது வேணாம். நீ எழுதலதான, நல்லதாப் போச்சு. அப்படியே விட்டுடு.”

“வேற என்ன எழுத அத்தை?”

“வேற ஒண்ணும் எழுத வேணாம். எடம் காலியா இருக்கட்டும்.”

“அறுபத்தொன்பதோட நிறுத்தினா அந்தக் கூடத்துச் செயலாளர் விட மாட்டாரே.”

“அவருக்கும் எழுபது வரும் இல்ல, அப்ப பேசிக்கலாம்.”

*

அந்த வாரக் கூட்டத்தன்று ஐஸ்காரர் வழக்கத்தைவிட முன்னாலேயே தொழிற்சாலைக்குப் போனார். மனைவியையும் மருமகளையும் தாங்களாகவே போகச் சொல்லிவிட்டார்.

அன்று தட்டிப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. சரிந்து வந்த கட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அமோனியா பின்னாலேயே வந்தார்.

“என்ன தேடுறீங்க? தண்ணிக்குப் போடற துண்டுதான, எதையாவது வெட்டிக்கிட்டுப் போங்க.”

“நடுவுல இருக்கறது வேணும்.”

“அது அழுக்கு அண்ணே. எல்லாரும் ஓரத்தத்தான் கேப்பாங்க.”

“அழுக்கு இல்ல. காத்துதான்.”

ஒரு கட்டியை நிமிர்த்தி, ரம்பத்தால் நான்கு பக்கமும் அறுத்து எடுத்தார். முழங்கை நீளத்துக்கு வெள்ளை நரம்பு மட்டும் மிஞ்சியது. வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே ஆயிரம் குமிழ்கள், ஊசி முனை அளவில், ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப் பார்த்துப் பாதியில் நின்றுவிட்ட மாதிரி. நாற்பது வருடத்துக்கும் மேலாகத் தோளில் தூக்கியதை அவர் இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அமோனியாவும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருடைய மூக்கு ஒரு கணம் தேடுவதை நிறுத்தியிருந்தது.

“கரையுது அண்ணே, சீக்கிரம்” என்றார்.

ஐஸ்காரர் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, சைக்கிளை மறந்துவிட்டு, நடந்தே போனார்.

கூடத்தை நெருங்கும்போதே மருமகளின் குரல் கேட்டது. மனைவியின் இடத்தில் நின்று அவள்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். எலி தாண்டிப் போயிருந்தது. சிரித்த முகங்கள் இன்னும் அடங்கவில்லை. பின்வாசலுக்குப் போகாமல், கால் பழகிய இடத்துக்கே, அந்த ஜன்னலுக்கே போய் நின்றார். தண்ணீர் சாக்கின் வழியே முழங்கையில் வழிந்தது.

“அறுபத்தி ஆறு. என் மகன் வண்டி திரும்பி வர்ற சத்தத்துக்கு. அறுபத்தி ஏழு. தூக்கத்துல பேசாத புருஷன் கெடைச்சதுக்கு.” மறுபடியும் சிரிப்பு. “அறுபத்தி எட்டு. ஊசியில நூல் கோத்துக் குடுக்குற மருமகளுக்கு.” இதை வாசித்தபோது மருமகளின் குரல் தடுமாறியது. “அறுபத்தி ஒம்பது. முப்பத்தெட்டு வருஷமா இந்தக் கூடத்துல நாம குடிக்கிற குளிர்ந்த தண்ணிக்கு. அத கொண்டுவந்து வெச்சிட்டு, உள்ள வராம போறவருக்கு.”

தலைகள் பின்வாசல் பக்கம் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம்.

அவர் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். கையில் இருந்தது நழுவியது. மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். சட்டை முழுதும் நனைந்தது. குளிர் நெஞ்சுக்குள் இறங்கியது. நடுங்கினார்.

மருமகள் தாளைத் தாழ்த்திக்கொண்டாள். செயலாளர் தொண்டையைச் செருமி, “எழுபது?” என்றார்.

தையலம்மா முன்னால் இருந்த நாற்காலியிலிருந்து எழுந்தாள். மருமகள் கையைப் பிடிக்கப் போனபோது வேண்டாம் என்று விலக்கிவிட்டு, பின்னறைச் சுவரைத் தடவுவது போலவே கூடத்தின் சுவரைத் தடவிக்கொண்டு, ஓரமாக நடந்து ஜன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது அவளுக்குப் புகையாகத்தான் தெரிந்திருக்கும். கையை வெளியே நீட்டினாள். விரல்கள் முதலில் ஈரச் சாக்கைத் தொட்டன. பிறகு ஐஸை. பிறகு அதைப் பிடித்திருந்த கையை.

“நான் அத வாசிக்கலீங்க” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “எடம் காலியாத்தான் இருக்கு. உள்ள வந்து, அத நீங்க சொல்றீங்களா?”